வாடகை பிரேக்கரும் வெளுத்த ரெண்டு விரலும்

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு அந்த அண்ணன் தினமும் பைக்கில்தான் வருவார். போன டிசம்பரில் ஒருநாள் காலை 7.15 இருக்கும். வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டவர், சாவியைத் திருக முடியாமல் நின்றார். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து கிட்டே போனேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் நடுக்கணு வரை மெழுகுவத்தி மாதிரி வெளுத்திருந்தன. வெளுப்பு முடிகிற இடம் பேனாவில் கோடு கிழித்ததுபோல் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் எப்போதும் இருக்கிற கருப்புத் தோல்.

"பனிக்கு வெறச்சுக்கிச்சு சார். டீ கிளாஸப் புடிச்சா சரியாயிடும்" என்றார்.

சரியானது, இருபது நிமிஷம் கழித்து. நிறம் திரும்பும்போது விரல் சிவந்து, தேள் கொட்டினதுபோல் கடுக்கிறது என்று கையை உதறிக்கொண்டே இருந்தார். எட்டரைக்கு அதே கையால் கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் மிஷினைத் தூக்கினார். அந்த சைட்டுக்கு நான்தான் சேஃப்டி சூப்பர்வைசர். ஹெல்மெட் பார்த்தேன், ஷூ பார்த்தேன், ஒயர் ஜாயின்ட் பார்த்தேன். அன்றைக்கு வரை ஒருத்தர் கையையும் விரித்துப் பார்த்ததில்லை.

சொந்த ஊர் அவருக்குப் பென்னாகரம் பக்கம். எங்களிடம் வருவதற்கு முன்னால் 12 வருஷம் கம்ப்ரஸர் டிராக்டரோடு ஊர் ஊராகப் போய்க் கிணற்றுக்குள் ஜாக்ஹேமர் பிடித்தவர். அந்த வேலையில் கூலி அடிக் கணக்கு. இத்தனை அடி குழி போட்டால் இத்தனை ரூபாய், எத்தனை நேரம் கை அதிர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மண்ணைக் கொஞ்சம் சுரண்டினாலே பாறைதான், அதனால் வேலைக்குக் குறைவில்லை. "அப்பவே வரும் சார், மார்கழில மட்டும். இப்ப ஐப்பசியிலயே வருது" என்றார். சட்டைப் பித்தான் போட மூணு மாசமாக வீட்டில் அண்ணிதான் உதவுகிறார்களாம். மேஜையில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னேன். வலது கையால் எடுத்துவிட்டார். இடது கை காசைத் தள்ளிக்கொண்டே போய் மேஜை விளிம்பில் கீழே போட்டது.

ஏற்கெனவே ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார். சுகர் பார்த்திருக்கிறார்கள், இல்லை. நரம்புக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இப்படி ஒரு ஆளை டாக்டரிடம் அனுப்பும்போது ஒரு தாளில் மூணே வரி எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: என்ன மிஷின், எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம். அடுத்த முறை அந்தத் தாளோடு போனபோதுதான் நரம்பு ஓட்டப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதும் இந்த வேலையில் வருகிற சங்கதிதான். விரல் வெளுப்பும் இதுவும் சேர்ந்தே வரலாம்.

அதிர்கிற மிஷினைப் பிடித்துப் பிடித்து விரல் வெளுக்கிற இது புது நோய் இல்லை. 1918-லேயே அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டில், சுண்ணாம்புக்கல் செதுக்குகிறவர்களின் கைகளை ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களுக்குக் குளிர்ந்த காலையில் விரல் வெளுக்கிறது, உளியைப் பிடிக்கும் இடது கைதான் அதிகம் பாதிக்கப்படுகிறது என்று. படித்தபோது எனக்குப் பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கிரானைட் பட்டறைகள்தான் கண்முன் வந்தன. மிஷினின் அதிர்ச்சி, அதாவது வைப்ரேஷன், பல வருஷம் கையில் ஏற ஏற விரலின் சின்ன ரத்தக்குழாய்களும் நரம்பு நுனிகளும் கெடுகின்றன. குளிர் பட்டதும் குழாய் இறுகிக்கொள்கிறது, விரல் வெளுக்கிறது. பீடி சிகரெட் பிடித்தால் இன்னும் இறுகும். ஆரம்பத்திலேயே வேலையைக் குறைத்தால் வெளுப்பு கொஞ்சம் தணியலாம். மரத்துப்போன உணர்வு திரும்புவது கஷ்டம்.

சரி, எவ்வளவு அதிர்ச்சி, எவ்வளவு நேரம் என்று அளந்துவிடலாம் என்று இறங்கினேன். முதலில் செய்தது முட்டாள்தனம். ஃபோனில் வைப்ரேஷன் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி, ஃபோனை பிரேக்கர் கைப்பிடியோடு இன்சுலேஷன் டேப் போட்டுச் சுற்றி ஓட்டினேன். ஆப் என்னவோ ஒரு எண்ணைக் காட்டியது. திரும்ப ஓட்டினால் வேறு எண். கையின் அதிர்ச்சியைக் கணக்கிட விநாடிக்கு எட்டு முதல் ஆயிரம் அதிர்வுகள் வரை மூணு திசையிலும் பிடித்தாக வேண்டும். சாதாரண ஃபோனுக்குள் இருக்கிற சென்சார் அந்த வேகத்தில் பாதிகூடப் பார்ப்பதில்லை. அந்தச் சோதனையில் எனக்கு மிஞ்சியது, இன்றுவரை ஃபோகஸ் ஆகாமல் நடுங்குகிற கேமரா மட்டும்தான். முறையான மீட்டர் இருக்கிறது, அதை வாங்குகிற காசுக்கு நாங்கள் எடுத்திருந்த மாதிரி பிரேக்கர்கள் பலவற்றை வாங்கிவிடலாம்.

மீட்டர் இல்லாமலே போதுமான அளவுக்குக் கணக்குப் போட முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு இரண்டே எண் வேண்டும். மிஷினின் அதிர்ச்சி ஒன்று, கை மிஷினில் இருக்கும்போது அது உண்மையில் ஓடிய நேரம் இன்னொன்று.

முதல் எண்ணுக்காக வாடகைக் கடைக்குப் போனேன். ஆதார் நகலும் அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு மிஷினைத் தூக்கிக் கொடுக்கிற கடை. மேனுவல் கேட்டேன். ஓனர் சிரித்தார். "சார், இதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல. மிஷின் வந்த பெட்டியே எலி கடிச்சிருச்சு." மிஷினின் பக்கவாட்டுத் தகட்டில் மாடல் நம்பர் பாதி தேய்ந்திருந்தது. டார்ச் அடித்துப் படித்து, கம்பெனி தளத்தில் மேனுவலை இறக்கினேன். கடைசிப் பக்கங்களில் அதிர்ச்சி அளவு என்று ஒரு வரி இருக்கும், மீட்டர்/விநாடி² கணக்கில். எங்கள் மிஷினுக்கு 13 போட்டிருந்தது, பக்கத்தில் 'கே' என்று 1.5. அந்தக் கே என்பது, அளவு கூடவோ குறையவோ இருக்கக்கூடிய தவறு. அதைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும், அதாவது 14.5.

ஆனால் அது புது மிஷினை, புது உளியோடு, லேபில் ஓட்டி எடுத்த எண். கடை மிஷின் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முன்கைப்பிடியின் ரப்பர் எப்போதோ போய்விட்டது. அதன் மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, மேலே கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். உளி மாட்டுகிற இடத்தில் புஷ் தேய்ந்து, உளியைக் கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. உளி முனை குடை காளான் மாதிரி மழுங்கியிருந்தது. இதை வைத்துக்கொண்டு 14.5 என்று எழுதினால் என்னை நானே ஏமாற்றிக்கொள்வதுதான். பிரிட்டனின் அரசுப் பாதுகாப்பு அமைப்பு, கள அளவுகளை வைத்து ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. இந்த வகை இடிப்பு ஹேமருக்கு நல்ல நிலையில் 8, வழக்கமாக 15, மோசமானதற்கு 25. குறைத்துப் பார்த்தாலும் அதற்குக் கீழே வராது என்று நான் 15 எடுத்துக்கொண்டேன். பழைய கல்செதுக்கு ஹேமருக்கு அதே பட்டியலில் 30 வருகிறது என்பதைக் கிரானைட் பட்டறை வைத்திருப்பவர்கள் கவனிக்கலாம்.

இரண்டாவது எண் நேரம். இங்கேதான் எல்லோரும் தப்புச் சொல்கிறார்கள், வேண்டுமென்று இல்லை. மேஸ்திரி "நாள் பூரா ஓடுதுங்க, எட்டு மணி நேரம்" என்றார். கம்பெனி இன்ஜினியர் "அதெல்லாம் ஒரு மணி நேரம்கூட இருக்காது" என்றார். அன்றைய வேலை, பழைய கான்கிரீட் தளத்தில் புது மிஷினுக்கான ஃபவுண்டேஷன் போல்ட் குழி போடுவது, மொத்தம் 22 குழி. நான் ஒரு நோட்டும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். சத்தம் வந்தால் அழுத்து, சத்தம் நின்றால் அழுத்து. மார்க்கிங், சில்லு அள்ளுவது, உளி சிக்கிக்கொண்டால் உருவுவது, கரண்ட் போவது, டீ எதுவும் கணக்கில் சேராது. காலையில் ஒரு குழிக்கு 4 நிமிஷம் ஓடியது. சாயங்காலம் உளி மழுங்க மழுங்க 6 நிமிஷத்தைத் தாண்டியது. சராசரி 5. ஆக 22 குழிக்கு 110 நிமிஷம். மேஸ்திரியும் தப்பு, இன்ஜினியரும் தப்பு. நாள் முழுக்க உட்கார நேரமில்லாதவர்கள் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு குழிக்கு மட்டும் நேரம் எடுத்துக் குழி எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். சாயங்காலக் குழியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இப்போது கணக்கு. ஐரோப்பாவில் 2002-லும், அதையொட்டி பிரிட்டனில் 2005-லும் வந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரி அதிர்ச்சி 2.5 ஆனாலே முதலாளி ஏதாவது செய்தாக வேண்டும், 5 என்பது தாண்டக் கூடாத உச்சவரம்பு. வர்க்கமூலம் எல்லாம் போட்டுத் திணற வேண்டாம் என்று பிரிட்டிஷ்காரர்கள் இதைப் புள்ளியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அதிர்ச்சி எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான புள்ளி. நாளுக்கு 100 புள்ளி என்றால் அந்த 2.5, 400 புள்ளி என்றால் 5. தளி ஊரை லிட்டில் இங்கிலாந்து என்று பெருமையாகச் சொல்கிற மாவட்டத்தில் இங்கிலாந்துக் கணக்கைப் போடுவதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிரேக்கருக்கு 15 × 15 × 2, மணிக்கு 450 புள்ளி. அதாவது 13 நிமிஷத்தில் 100 வந்துவிடும், 53 நிமிஷத்தில் 400 வந்துவிடும். அண்ணன் அன்றைக்கு ஓட்டிய 110 நிமிஷத்துக்கு 825 புள்ளி. உச்சவரம்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதிர்ச்சி இரண்டு மடங்கானால் புள்ளி நாலு மடங்காகும், நேரம் இரண்டு மடங்கானால் புள்ளி இரண்டு மடங்குதான். ஆடுகிற மிஷினைக் கொஞ்ச நேரம் பிடிப்பதுகூட அதனால்தான் கைக்குக் கெடுதல் அதிகம். எந்தக் கணக்கும் போட நேரமில்லை என்றால் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: சுத்தியல் மாதிரி அடிக்கிற மிஷின் நாளைக்குக் கால் மணி நேரம் தாண்டினால் யோசிக்க வேண்டும், ஒரு மணி நேரம் தாண்டினால் நிறுத்த வேண்டும். கிரைண்டர் மாதிரி சுற்றுகிற மிஷினில் சிலவற்றுக்கு அதே எல்லைகள் ஒரு மணியும் நாலு மணியும். 100-க்குக் கீழே வந்துவிட்டால் ஒன்றும் வராது என்று அர்த்தமில்லை, ஏற்கெனவே விரல் வெளுத்தவருக்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் தராது.

கிளவுஸ் பற்றி ஒரு வார்த்தை. ஜெல் வைத்த கிளவுஸ் ஒரு ஜோடி என் காசில் வாங்கிக் கொடுத்தேன். இந்த மாதிரி மிஷின் கொடுக்கிற தாழ்ந்த, கனத்த அடியை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை, அதற்காகப் புள்ளியில் ஒன்றுகூடக் கழிக்கக் கூடாது. போதாததற்குத் தடிமனான கிளவுஸில் பிடி நழுவுகிறது என்று அண்ணன் இன்னும் இறுக்கிப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தால் கைக்குள் போவது கூடும். காய்ந்த, கதகதப்பான சாதாரண கிளவுஸ் குளிருக்கு நல்லது. அந்த அளவுக்குத்தான்.

புள்ளிக் கணக்கை எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டரிடம் போனேன். ஆளை மாற்றி மாற்றி ஓட்டலாம் என்றேன். மூணு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 275. அதில் ஒருத்தர் கம்பி அறுக்க ஏழு இன்ச் கிரைண்டரையும் 40 நிமிஷம் பிடிக்கிறார். அதற்கு அதிர்ச்சி 8 என்று வைத்தால் 85 புள்ளி, சேர்த்தால் 360. ஒரே கைக்கு வருகிற எல்லா மிஷினையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதை நானே அன்றுதான் புரிந்துகொண்டேன். கிரைண்டரை நாலாவது ஆளுக்கு மாற்றினோம்.

கான்ட்ராக்டர் ஒத்துக்கொண்டார். சண்டை வந்தது அண்ணனிடமிருந்து. பிரேக்கர் பிடிக்கிறவருக்கு நாள் கூலிக்கு மேல் 200 ரூபாய் மிஷின் காசு. அதை மூணாகப் பிரித்துவிட்டார்கள்.

"என் கையப் பாத்துத்தான சார் இத ஆரம்பிச்சீங்க? இப்ப என் கைக்காசத்தான் புடுங்கிட்டீங்க" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம் அவர் பக்கம்தான். புள்ளியைப் பிரித்தபோது காசையும் பிரித்துவிடுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த இரண்டு நாளில்தான் வேறொன்று உறைத்தது. நான் மிஷினையும் ஆளையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், வாடகைச் சீட்டைப் பார்க்கவில்லை. நாள் வாடகை 700. சாயங்காலம் 7 மணிக்குள் திரும்பாவிட்டால் இன்னொரு நாள் வாடகை. அதனால்தான் 22 குழியும் ஒரே நாளில் முடிந்தாக வேண்டும், அதனால்தான் ஒரே மிஷின், கை பழகிய ஒரே ஆள், அதனால்தான் மழுங்கிய உளியோடு சாயங்காலம் அழுத்து அழுத்து என்று அழுத்துவது. நடுவில் உளியைக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய்க் காய்ச்சித் தட்டி வர ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்துக்கும் வாடகை ஓடுகிறது என்று யாரும் போகவில்லை. கிணற்றில் அடிக் கணக்கு செய்ததை இங்கே நாள் வாடகை செய்கிறது.

அடுத்த வேலைக்குக் கடைக்கு நானே போனேன். உளி இரண்டு, இரண்டும் தட்டின உளியாகத்தான் வேண்டும் என்றேன். கடைக்குப் பின்னால் கிடந்த உடைந்த கான்கிரீட் துண்டில் ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன் என்றேன். மூலையில் ஒரு 16 கிலோ மிஷின் இருந்தது, கைப்பிடியில் ஸ்பிரிங் வைத்தது. வாடகை 1,100 என்பதால் யாரும் எடுப்பதில்லையாம். மேனுவல் அளவையும் கேயையும் கூட்டினால் 10 வந்தது. மணிக்கு 200 புள்ளி. கனம் அதிகம், சுவரில் பிடிக்க ஆகாது, ஆனால் தரையில் அதன் கனமே வேலை செய்கிறது. ஒரு குழிக்கு 3 நிமிஷம்தான் ஆனது.

இனி மிஷினை ஒப்பிடும்போது ஒரு குழிக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பழையது 5 நிமிஷத்தில் 37.5 புள்ளி. இது 3 நிமிஷத்தில் 10. மொத்த 22 குழியையும் ஒரே ஆள் போட்டால்கூட 220 புள்ளிதான், முன்பு மூணு பேர் பிரித்துக்கொண்டபோது ஆளுக்கு வந்ததைவிடக் குறைவு. வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. "அரை நாள் வாடகை போடுங்க" என்று ஓனரிடம் நின்றேன். "அப்படி வழக்கமில்ல சார்" என்றவர், கடைசியில் 600 வாங்கிக்கொண்டார். கான்ட்ராக்டருக்கு 100 ரூபாய் மிச்சம். அன்றிலிருந்து என் புள்ளி நோட்டை அவரும் எட்டிப் பார்க்கிறார்.

இதெல்லாம் இருக்கட்டும், அந்தக் குழியைப் போட்டே ஆக வேண்டுமா என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். புதுத் தளம் என்றால் கான்கிரீட் போடும்போதே போல்ட் இடத்தில் தெர்மாகோல் கட்டை வைத்துவிட்டால் பிரேக்கரே வேண்டாம். டிராயிங் தாமதமாக வந்ததால் பிறகு உடைக்கிற குழிகள்தான் எங்களுக்குப் பாதிக்கு மேல். பழைய தளம் என்றால் கோர் கட்டிங் மிஷின். அது ஸ்டாண்டில் போல்ட் போட்டு நிற்கும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே வட்டமாக அறுக்கும், ஆள் சக்கரத்தைத் திருகி இறக்கினால் போதும், அடி கைக்கு வருவதில்லை. குழிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவதால் முதலில் விலை அதிகம் மாதிரி தெரியும். சில்லு அள்ளுகிற ஆள், விரிசல் விட்டால் பூசுகிற வேலை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு வித்தியாசம் பெரிதாக இல்லை.

அண்ணன் இப்போது கோர் மிஷின் ஓட்டுகிறார். மிஷின் காசு 200 முழுசாக அவருக்கே வருகிறது, அதைப் பேசி வாங்க எனக்கு மூணு வாரம் ஆனது. பித்தான் இன்னும் அண்ணிதான் போட்டுவிடுகிறார்கள். பீடியை நாளுக்கு இரண்டாகக் குறைத்திருக்கிறேன் என்கிறார், பாக்கெட்டைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. பனிக் காலத்தில் பைக் வேண்டாம், பஸ்ஸில் வாங்க என்று சொல்லியிருக்கிறேன். அந்த பஸ் சார்ஜை யார் தருவது என்று கான்ட்ராக்டரோடு இன்னும் பேசி முடியவில்லை.